இடப்பக்கம் சாய்ந்த மாங்காய்

அக்கா,

இன்று காலை தலைக்குக் குளிக்கலாம் என்று பூந்திக்கொட்டையை நசுக்கி வெந்நீரில் போட்டேன். நுரை கட்டியதும் அந்த வாசனை எழுந்தது. பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையைப் பிரித்தால் வருமே, கசப்பும் புளிப்பும் கலந்து, அது. பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் காப்பிச்செடி மூட்டில் கொட்டிவிட்டேன். “என்னாச்சு, கை சுட்டுருச்சா?” என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார். ஆமாம் என்றேன். இந்த ஒரு வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் இது ரொம்பச் சின்னது.

நேற்று கரடியூரில் நம் பிரியாவுக்கு வளைகாப்பு. நம் பிரியா என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள். “உனக்கு மட்டுந்தா பொண்ணா? அதுல பாதி எனக்கும் இருக்குது புள்ள” என்பீர்கள். பிள்ளை இல்லாததைப் பற்றி உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பேச்சு அதுதான், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். நேற்று அங்கே நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், முதலிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் என் முகத்தை நானே பார்க்க வேண்டியிருக்கும்.

நாம் பழகியது எஸ்டேட் களத்தில். நான் சேலத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறிய புதிது. அவருக்கு ஜீப் ஓட்டுகிற வேலை, எனக்குக் காப்பிக்கொட்டை பொறுக்குகிற வேலை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற வெள்ளக்கடை ரைட்டரின் வீட்டம்மா நீங்கள், களத்துக்கு வந்து எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொட்டை பொறுக்குவது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. “ஊட்டுல செவுத்தப் பாத்து எத்தன நேரந்தா பேசறது?” என்றீர்கள். உங்களுக்குக் கேட்க ஆள் வேண்டும். எனக்கோ, அந்தக் குளிரில் பேச்சு சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தாலே போதும். பிறகு நான் டவுனில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் சமையலுக்குப் போய்விட்டேன். அப்போதும் டவுனுக்கு வந்தால் சமையல்கட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, என் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள்.

உங்கள் மாங்காய் அட்டிகையை நான் முதன்முதலில் பார்த்தது கோயில் திருவிழாவில். கழுத்தை ஒட்டிக் கிடந்தது. வரிசையாகச் சிவப்புக்கல் பதித்த மாங்காய்கள், பின்கழுத்துப் பக்கம் சின்னதாகத் தொடங்கி முன்னால் வர வரப் பெரிதாகி, நடுவில் தொண்டைக்குழிக்கு மேல் ஒரு பெரிய மாங்காய். அந்த நடு மாங்காய் மட்டும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் கையை நீட்டி அதை நேராக்கப் பார்ப்பார்கள். நானும் நீட்டினேன். கையில் ஒரு தட்டு தட்டினீர்கள்.

“அது எங்கம்மா வாயாடுனதுக்குக் கெடச்ச கூலி” என்று சொல்லிவிட்டுக் கதையை எடுத்தீர்கள். கூட இருந்தவர்களுக்கு அது எத்தனையாவது தடவையோ, இருந்தாலும் நெருங்கி வந்து நின்றார்கள். “ஆசாரி எங்க ஊட்டுக்கே வந்துதா செஞ்சாரு. அந்தக் காலத்துல தங்கத்தக் கண்ணுக்கு மறவாக் குடுக்கமாட்டாங்க. குமுட்டியப் பத்தவெச்சு, ஊதுகொழல வாயில வெச்சு மனுசன் ஊதறாரு. எங்கம்மா எதுக்கால மணையப் போட்டு உக்காந்துக்கிட்டு ஓயாமப் பேச்சு. மழையப் பத்தி, மொளகப் பத்தி, பலாமரத்துக்குக் கரடி வந்ததப் பத்தி. அவருந்தா எத்தனைக்குப் பொறுப்பாரு? நடு மாங்காய மத்ததோட சேத்துப் பத்தவெக்கற நேரம் பாத்துக் கொழல வாயில இருந்து எடுத்துப் பதில் சொல்லிப்போட்டாரு. மாங்கா சாஞ்சுபோச்சு!”

எல்லோரும் சிரித்தோம். உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரை எனக்குத் தெரியும். என் அம்மா கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை என்று அன்று உங்களிடம் சொன்னேன். “அதுக்கென்ன, கயிறுதான கெட்டி” என்றீர்கள்.

பிரியாவுக்குக் கரடியூரில் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காப்பித்தோட்டம், மிளகு, பார்க்கிறவர்கள் மதிக்கிற குடும்பம். எங்களிடம் இருந்த பொன் எல்லாம் பிரியாவுக்குப் போயிற்று. என் தாலிக்கொடியையும் அழித்து அவளுக்குச் சங்கிலி பண்ணியாயிற்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று வருகிறவர்கள் பெண்ணின் கழுத்தைப் பார்த்த கையோடு பெற்றவளின் கழுத்தைப் பார்ப்பார்கள். அது காலியாகக் கிடந்தால், இருப்பதை வழித்துப் போட்டுவிட்டார்கள், இனித் தீபாவளிச் சீருக்கும் பொங்கல் சீருக்கும் வழியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவின் சூடு பிரியாவின் மேல்தான் விழும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை, நானே எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேர் கழுத்தைப் பார்த்திருக்கிறேன்.

பத்திரிகை வைக்க வெள்ளக்கடைக்கு வந்தபோது கேட்டேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டு, எழுந்திருக்க மனமில்லாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அக்கா, ஒரே ஒரு நாளைக்குங்க…” என்று ஆரம்பித்தேன். மீதியை நீங்கள் சொல்லவிடவில்லை. உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ரோஸ் காகிதத்தைப் பிரித்து, கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி, நீங்களே கொக்கியை மாட்டினீர்கள்.

“உனக்குத்தா எடுப்பா இருக்குது. எனக்குக் கழுத்தெங்க இருக்குது? தலைக்குக் கீழ நேரா தோளுதா.”

“ரைட்டரய்யாவுக்குத் தெரிஞ்சா…”

“அவருக்கு எதுக்குத் தெரியோணும்? இது பொம்பளைங்க சமாச்சாரம். ஒரு குருவிக்கும் தெரியாது, போ கண்ணு.”

கல்யாண மண்டபத்தில் என் கை சும்மா இருக்கவில்லை. மாங்காய் சாய்ந்திருப்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது என்று தோன்றித் தோன்றி நேராக்கிக்கொண்டே இருந்தேன். சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற நீங்கள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினீர்கள். “உடு புள்ள. அது சாஞ்சேதா இருக்கோணும்” என்றீர்கள். வழக்கமான கேலி என்று நினைத்தேன்.

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்தார். நின்று, கண்ணைச் சுருக்கி அட்டிகையைப் பார்த்தார். “நொம்பப் பழைய வேலையா இருக்குதுங்களே. கடையில வாங்குனா இந்தப் பாங்கு வராதுங்க. பரம்பரையுங்களா?”

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சிரித்து வைத்திருக்கலாம். கேட்டது அவ்வளவுதான். யாரும் என் தொண்டையில் கையை விட்டு இழுக்கவில்லை. நானாகச் சொன்னேன்: “ஆமாங்க. எங்கம்மா போட்டதுங்க.”

சொன்னபிறகுதான் நீங்கள் பக்கத்தில் நிற்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் கையில் சந்தனக் கிண்ணம் அப்படியே இருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். “ஆமாங்க, நாங்கூடப் பாத்திருக்கறனுங்க. அந்தம்மாவுக்கு நொம்பப் பொருத்தமா இருக்கும்” என்றீர்கள்.

அக்கா, அந்த நிமிஷத்தை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் இருக்கிறது. நகையைத்தான் இரவல் கேட்டேன். உங்கள் அம்மாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். நீங்கள் அதையும் கொடுத்துவிட்டு, பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினீர்கள். என் அம்மாவுக்கும் அன்று நான் செய்தது துரோகம்தான். இருக்கும்வரை கயிற்றோடு இருந்தவளைச் செத்தபிறகு பொன்னால் மூடி, அவள் யார் என்பதையே மாற்றிவிட்டேன்.

மறுநாள் காலை அட்டிகையைத் திருப்ப வேண்டும். இன்னொருத்தி கழுத்து வேர்வையோடு ஒரு நகையைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று எங்கள் வீட்டில் பழக்கம். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டிலேயே அட்டிகையைப் போட்டு ஊறவிட்டு, மெல்லிய துணியால் ஒவ்வொரு மாங்காயாகத் தேய்த்தேன். கல் வைத்த நகையை நான் அதுவரை தொட்டதில்லை. வெறும் சங்கிலியைக் கழுவித்தான் பழக்கம். இந்த மாதிரிக் கைவேலையில் கல்லுக்கு அடியில் அதை மினுக்கிக் காட்ட மெல்லிய தகடு இருக்கும், அதற்கும் கீழே அரக்கு இருக்கும், வெந்நீர் போனால் எல்லாம் போயிற்று என்பது பிறகு ஆசாரி சொல்லித்தான் தெரிந்தது. காய்ந்தபின் பார்த்தால் நடு மாங்காயில் இருந்த பெரிய கல், வறுத்த காப்பிக்கொட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். செவ்வாய்ப்பேட்டையில் பழைய வேலை தெரிந்த ஆசாரி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். தகடு மாற்றித் தருகிறேன், தீபாவளி வேலை நிறைய இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்றார். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் மழை, பஸ் இல்லை, லாட்ஜில் கூட்டம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீங்கள் ஒரு தடவைகூட அட்டிகையைப் பற்றிக் கேட்கவில்லை. “மழை நின்னதும் வா புள்ள, பேசி நொம்ப நாளாச்சு” என்றுதான் சொன்னீர்கள். நகைக்குப் பயந்து நான் உங்கள் முகத்தையே பார்க்காமல் இருந்தேன். மழை நிற்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நெஞ்சுவலி என்று காலையில் கிளம்பிய ஆம்புலன்ஸ் மலையிறங்கி முடிக்கும் முன்பே திரும்பிவிட்டது. வெள்ளக்கடையில் உங்கள் வாசலில் பனிமூட்டம். வருகிறவர்கள் யார் என்று பக்கத்தில் வந்தால்தான் தெரிந்தது. கரடியூரிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்து சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். கணவன் இருக்கப் போன புண்ணியவதி என்று பெண்கள் உங்களுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினோம். உங்கள் தங்கச்சி பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை உடுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

ஒரு திருவிழாவில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “நான் முந்திப் போனா இத மாட்டித்தா பாக்க வெக்கோணும். எடுக்கறப்பக் கழட்டிக்கங்க, வீணாக்கிப்போடாதீங்க” என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

“அம்மா அட்டிகை எங்கீங்க மாமா?” என்று அவள் ரைட்டரய்யாவைக் கேட்டாள். “பீரோவுல இல்லீங்களே. எங்கம்மாதுங்க, நடு மாங்கா எடப்பக்கம் சாஞ்சிருக்குமே, அதுங்க. அத மாட்டித்தா அனுப்போணும்னு அக்கா சொல்லியிருக்குது.”

சுவரோரம் சம்பந்தியம்மா தலையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அக்கா. என் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறு கிடந்த இடத்தை. பிறகு குனிந்து தன் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பூமி பிளந்து விழுங்கட்டும் என்று சொல்வார்களே, அதை அன்றுதான் மனதார வேண்டினேன். எனக்குப் பதில் ரைட்டரய்யாவின் குரல் வந்தது.

“அத நாந்தா கல்லு பாக்கறதுக்கு ஆசாரிகிட்டக் குடுத்திருக்கறங் கண்ணு. சேலத்துல இருக்குது. இப்ப அதுக்கு நேரமில்ல, பூவக் கட்டுங்க.”

காலையில் மனைவியை இழந்த மனிதர், மத்தியானம் எனக்காகப் பொய் சொன்னார். அவர் பொய்யென்று நினைத்துச் சொன்னது நிஜம் என்பது எனக்கு மட்டும் தெரியும். அட்டிகை இருக்க வேண்டிய இடத்தில் கனகாம்பரச் சரத்தைக் கட்டினோம். ‘நீதான நெருங்குன சிநேகிதி’ என்று சொல்லி முடிச்சை என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் அட்டிகையை வாங்கிக்கொண்டு வெள்ளக்கடைக்குப் போனேன். இரவல் நகையை மஞ்சள் குங்குமத்தோடுதான் திருப்ப வேண்டும் என்று தட்டெல்லாம் எடுத்து வைத்தபிறகுதான், அதை வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் இனி யார் இருக்கிறார்கள் என்று உறைத்தது. தட்டை வைத்துவிட்டு வெறும் பொட்டலத்தோடு போனேன். ரைட்டரய்யா பிரித்துப் பார்த்தார். புதுத்தகடு வைத்த கல் மட்டும் மற்றதையெல்லாம் மங்கலாக்கிக்கொண்டு பளிச்சென்று நின்றது. “கழுவிப்போட்டீங்களா?” என்றார். தலையைக் குனிந்துகொண்டே பூந்திக்கொட்டைக் கதையைச் சொன்னேன்.

“அவளும் கல்யாணமான புதுசுல இப்படித்தா கழுவிப்போட்டு மூலையில உக்காந்து அழுதா. இந்தா, இந்த ஓரத்துக் கல்லப் பாருங்க, அதும் மாத்துனதுதா” என்று காட்டினார்.

சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். விழுந்து விழுந்து சிரித்து, ஒண்டிக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிக் காட்டியிருப்பீர்கள். அந்தச் சிரிப்பை உங்களுக்குக் கொடுக்காமல் நான் மழை என்றேன், பஸ் இல்லை என்றேன்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா?” என்று கேட்டேன்.

“குடுத்த அன்னிக்கே சொல்லிட்டாளுங்க. எங்கிட்ட எதையும் அவளால மறைக்க முடியாது. ‘அவ கேக்கவே இல்லீங்க, நாந்தா கட்டாயப்படுத்திக் கழுத்துல மாட்டி அனுப்புனே’ன்னு சொன்னா.”

நான் கேட்டேன், அக்கா. தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்டேன். என்னை உங்கள் வீட்டுக்காரர் கேட்டு வாங்கியவளாக நினைத்துவிடக் கூடாது என்று, கேட்காதவளாக ஆக்கி வைத்திருக்கிறீர்கள். அதையும் நான் அவரிடம் திருத்திச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

அவர் மாங்காயை விரலால் தடவிக்கொண்டே, “இது ஏன் சாஞ்சுதுன்னு சொல்லியிருக்கறாளா?” என்று கேட்டார். ஆசாரி குழலை எடுத்துப் பதில் சொன்ன கதைதானே என்றேன். “அவ பாதிதாங்க சொல்லுவா” என்றார். அப்புறம்தான் உங்கள் அம்மா ஆசாரியிடம் கேட்டது என்ன என்று சொன்னார். ‘ஏனுங்க ஆசாரி, ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கறீங்களே, உங்க ஊட்டம்மாளுக்கு என்ன செஞ்சு போட்டிருக்கறீங்க?’ என்று கேட்டாராம். ஆசாரி குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ‘ஒண்ணும் இல்லீங்க’ என்றாராம். அதற்குள் மாங்காய் சாய்ந்துவிட்டது. அழித்து நேராக வைத்துத் தருகிறேன் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் உங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம். ‘சாஞ்சே இருக்கட்டுங்க. கேக்கக்கூடாததக் கேட்டுப்போட்டேன். போடறப்பெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரோணும்’ என்றாராம்.

“அதுக்கப்பறமும் பேச்சென்னமோ கொறையலீங்க” என்று ரைட்டரய்யா லேசாகச் சிரித்தார். அன்று வாசல்படி இறங்கும்போது வருகிறேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லக்கூடாது என்பதற்காக மட்டுமல்ல, சொல்கிற முகம் எனக்கு இல்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். உங்கள் சாவுக்குப் பிறகு சம்பந்தியம்மா அட்டிகையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரியாவிடமும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் போனாலும் பொங்கலுக்குப் போனாலும் காப்பி, பலகாரம், உபசாரம் எல்லாம் முன்பு போலவே. அவர் கேட்காமல் இருக்க இருக்க எனக்குள் அரித்தது. திட்டியிருந்தால்கூட ஒரு நாள் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன்.

வளைகாப்புக்குக் கூடம் நிறையப் பெண்கள். பிரியா முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு நான் நிமிரும்போது, சம்பந்தியம்மாவின் நாத்தனார் என் கழுத்தைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: “ஏனுங்க, கல்யாணத்துல ஒரு மாங்கா அட்டிகை போட்டிருந்தீங்களே, உங்கம்மாதாமே? இன்னிக்குப் போட்டிருக்கலாமுங்களே!” என் கை தானாகத் தொண்டைக்குழிக்குப் போயிற்று.

நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தியம்மா குறுக்கே வந்தார். “மழைக்காலமுங்க, ஊட்டுல பத்திரமா வெச்சிருப்பாங்க” என்றார். தெரிந்தேதான் சொன்னார். எனக்காகப் பொய் சொல்ல இன்னொருவர் வந்துவிட்டார், அதுவும் யாருக்குப் பயந்து முதல் பொய்யைச் சொன்னேனோ அவரே. அதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

“இல்லீங்க” என்றேன். “அது எங்கம்மாது இல்லீங்க. எங்கம்மா கழுத்துல மஞ்சக்கயித்தத் தவிர நான் ஒண்ணும் பாத்ததில்லீங்க. அது வெள்ளக்கடை ரைட்டரூட்டு அக்காவோட அம்மாதுங்க. நான் இரவல் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு, எங்கம்மாதுன்னு சொல்லிப்போட்டனுங்க. அந்த அக்கா பக்கத்துலதா நின்னுக்கிட்டிருந்தாங்க.”

பிரியா கையை இறக்கினாள், அத்தனை வளையலும் ஒன்றாகச் சரிந்த சத்தம் கேட்டது. அவளுக்கு இது எதுவும் தெரியாது. முகம் சிவந்து, கண் தரையில் இருந்தது. பெண்ணுக்குத் தலைக்குனிவு வரக்கூடாது என்று பூண்ட நகையால், அவள் வளைகாப்பிலேயே அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன். சந்தனக் கையை எங்கே துடைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

சம்பந்தியம்மாதான் பேசினார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. “அப்ப அந்த நடு மாங்கா ஏனுங்க சாஞ்சிருந்துச்சு? கல்யாணத்தன்னைக்கே கேக்கோணும்னு இருந்தேன்” என்றார்.

சொன்னேன், அக்கா. நீங்கள் சொல்கிற மாதிரியே சொல்லப் பார்த்தேன். குமுட்டி, ஊதுகுழல், எதிரில் மணை போட்டு உட்கார்ந்த உங்கள் அம்மா, மழை, மிளகு, பலாமரத்துக் கரடி. குழலை எடுத்துப் பதில் சொன்ன இடம் வந்ததும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எங்க மாமியாரு இப்படித்தா, பேசிப் பேசியே ஆளச் சாவடிச்சிருவாங்க” என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள், பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். உங்கள் அம்மா அந்தக் கூடத்தில் உங்கள் அம்மாவாகவே நடமாடிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு உங்களுக்குச் சேர வேண்டியது.

பிரியா மட்டும் சிரிக்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு பஸ் நிற்கிற இடம் வரை என்கூட நடந்து வந்தாள். ஊருக்குக் கேட்காத குரலில், “இன்னிக்கேதா சொல்லோணுமாம்மா? இத்தன பேரு முன்னால?” என்றாள். பஸ் வந்து நான் ஏறும்போது, “பெரிம்மா இருக்கறப்பச் சொல்லியிருந்தா அவங்களாச்சும் சந்தோசப்பட்டிருப்பாங்க” என்றாள். அவள் உங்களைப் பெரிம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. இன்னும் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

அட்டிகை இப்போது உங்கள் தங்கச்சியிடம் இருக்கிறது. ரைட்டரய்யாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார், அது போக வேண்டிய இடம்தான். ஆனாலும் நேற்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கை கழுத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. அங்கே நேராக்க ஒன்றும் இல்லை. மண்டபத்தில் என் கையைப் பிடித்து இறக்கி, சாய்ந்தேதான் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது கேலி இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று என் கழுத்தில் கிடந்தது வெறும் நகை இல்லை, உங்கள் அம்மா வாய் தவறிக் கேட்டதன் ஞாபகம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று கதையில் பாதியைத்தான் சொன்னேன், உங்களைப் போலவே. ஆசாரி குழலை எடுத்தது வரைக்கும். உங்கள் அம்மா கேட்டது என்ன, ஏன் அதை நேராக்க விடவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாதியைத் தங்கச்சியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா போட்டுக்கொண்டார், நீங்கள் போட்டுக்கொண்டீர்கள், இப்போது நான் போட்டிருக்கிறேன், பொன் இல்லாமல். கை போனால் தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்கிறேன். அது சாய்ந்தே இருக்கட்டும், அக்கா.